ஓரோ பிரேட்டோ: தங்கம் தீர்ந்தபின் மிஞ்சிய ஊர்

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஓரோ பிரேட்டோ என்று ஒரு மலையூர். எந்தச் சுற்றுலாக் கையேட்டை எடுத்தாலும் 'காலம் உறைந்துபோன ஊர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வெள்ளைச் சுவர், நீலமும் மஞ்சளும் அரக்குமாகக் கதவு சன்னல், ஓட்டுக் கூரை, கல் பாவிய செங்குத்துத் தெரு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு குன்றின் மேல் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு மாதா கோயில். ஆனால் காலம் எந்த ஊரிலும் தானாக நிற்பதில்லை. ஒன்று, யாராவது பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் பழசை இடித்துப் புதுசு கட்டக் கையில் காசில்லாமல் போயிருக்க வேண்டும். இந்த ஊரில் இரண்டுமே நடந்தது, முதலில் காசு போனது, அப்புறம் அரசாங்கம் வந்து பிடித்து நிறுத்தியது. இது தெரியாமல் போனால் ஐந்தாவது கோயிலிலேயே கால் வலிக்கும், சலிப்பும் தட்டும். தெரிந்துகொண்டு போனால் ஒரு வீட்டு வாசல்கூட ஏதாவது சொல்லும்.

தங்கத்திலிருந்தே தொடங்கலாம். 1690-களின் கடைசியில், சாவோ பாவுலோ பக்கமிருந்து பழங்குடி மக்களை அடிமையாகப் பிடிக்கவும் உலோகம் தேடவும் காட்டுக்குள் இறங்கிய கூட்டங்கள், இந்தப் பள்ளத்தாக்கின் ஓடைகளில் கருப்பாகக் கிடந்த குருணைகளைப் பொறுக்கின. மேலே கருப்புப் படலம், உரசினால் உள்ளே நல்ல தரமான தங்கம். ஓரோ பிரேட்டோ என்றால் 'கருப்புத் தங்கம்', ஊருக்கு இன்றைய பெயர் வந்ததும் அதனால்தான். அந்தோனியோ தியாஸ் என்பவரின் கூட்டம் 1698-இல் இங்கே வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். அவர்களுக்கு அடையாளமாக இருந்தது இத்தாகொலோமி சிகரம், பெரிய பாறை ஒன்றும் அதன் பக்கத்தில் சாய்ந்தாற்போல் சின்னப் பாறை ஒன்றும். 1,772 மீட்டர் உயரம், ஊர்ச் சதுக்கத்திலிருந்து இன்றைக்கும் தெரியும். செய்தி பரவியதும் போர்த்துகலிலிருந்தே ஆட்கள் கப்பல் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆற்றைக் கிண்டினார்களே ஒழிய ஒருத்தரும் விதைக்கவில்லை. விளைவு, மினாஸ் பகுதியில் 1697-98இலும் மறுபடி 1700-01இலும் கடும் பஞ்சம். மடியில் தங்கத்தை முடிந்துகொண்டு பட்டினி கிடந்து செத்தவர்கள் உண்டு. 1711-இல் இங்கிருந்த சுரங்கக் குடியிருப்புகளைச் சேர்த்து வில்லா ரிக்கா என்று பெயர் வைத்து முறையான ஊராக அறிவித்தார்கள்.

'குடியிருப்புகளைச் சேர்த்து' என்பதை வரைபடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர்கள் அமைத்த ஊர்களில் பெரும்பாலும் நடுவில் சதுக்கம், சுற்றிலும் கட்டம் கட்டமாகத் தெருக்கள். இங்கே அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. ஓடைக்கு ஓடை ஒரு முகாம், முகாமுக்கு ஒரு சிறு கோயில், முகாமுக்கும் முகாமுக்கும் நடுவே கோவேறு கழுதைகள் போன பாதை. அந்தப் பாதைதான் பிற்பாடு முக்கியத் தெரு ஆனது. ஏறும், இறங்கும், வளையும், திடீரென்று மூச்சு வாங்க வைக்கும். பிலார், அந்தோனியோ தியாஸ் என்று இரண்டு பெரிய பங்குகள் (மாதா கோயில் வட்டாரங்கள்), இரண்டுக்கும் ஆகாது. 1707 முதல் 1709 வரை சாவோ பாவுலோக்காரர்களுக்கும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் சுரங்க உரிமைக்காக ஒரு சண்டையே நடந்திருக்கிறது, அதன் பழைய பகைதான் இந்தப் பங்குப் போட்டி என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த மேட்டில் அரசு தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதுதான் இன்றைய திராதெந்தெஸ் சதுக்கம். ஒரு முனையில் கோட்டை மாதிரி மூலைக் கொத்தளங்களோடு ஆளுநர் மாளிகை, எதிர் முனையில் ஊர் மன்றமும் சிறைச்சாலையும் ஒரே கட்டடத்தில். சதுக்கத்தில் நின்று பார்த்தால் ஆட்சி எங்கே உட்கார்ந்திருந்தது, தப்பு செய்தவன் எங்கே போனான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி கோயில்கள். ஒரு மலையூருக்கு எதற்கு இத்தனை கோயில் என்ற கேள்வி போகிற எல்லாருக்கும் வரும். 'தங்கம் கொட்டிக் கிடந்தது, பக்தியும் இருந்தது' என்று வழிகாட்டிகள் முடித்துவிடுவார்கள். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி ஒரு தடை உத்தரவில் இருக்கிறது. துறவற சபைகள் மினாஸ் பகுதியில் மடம் கட்டக் கூடாது என்று போர்த்துகல் அரசு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தடுத்துவிட்டது. காரணம் தத்துவம் ஒன்றும் இல்லை, சாமியார்களின் அங்கிக்குள் தங்கம் கடத்தப்படுகிறது என்ற சந்தேகம்தான். உள்ளே குடைந்த மரச் சுரூபத்தில் தங்கப்பொடி நிரப்பிக் கடத்தினார்கள் என்ற பேச்சு இன்றுவரை பிரேசிலில் பழமொழியாகவே இருக்கிறது, உத்தமன் வேஷம் போடுகிறவனை 'உள்ளீடற்ற மரப் புனிதர்' என்பார்கள்.

சரி, மடங்கள் இல்லை என்றால் யார் கோயில் கட்டுவது? ஊர்க்காரர்களே சங்கம் வைத்துக் கட்டினார்கள். வெள்ளையருக்குத் தனிச் சங்கம், கலப்பினத்தவருக்குத் தனி, கருப்பின மக்களுக்குத் தனி. அடிமைகளும் தங்கள் சங்கத்தில் உறுப்பினர் ஆகலாம். சந்தா உண்டு, திருவிழா உண்டு, நோய்நொடியில் உதவி உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே செத்தால் புதைக்க இடம் உண்டு. அந்தக் காலத்தில் அடக்கம் கோயிலுக்குள்ளேயேதான். பல கோயில்களில் தரை நீள நீளமான மரப்பலகைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் எண் செதுக்கியிருக்கும். அதைத் தரை வேலைப்பாடு என்று நினைத்து மிதித்துப் போகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு எண்ணும் ஒரு குழி. கோயிலுக்கு உள்ளே எந்த இடத்தில் புதைக்கப்படுகிறீர்கள் என்பதிலும் தகுதி பார்த்தார்கள்.

ஆக, ஊரில் இருக்கிற ஒவ்வொரு கோயிலும் ஒரு சங்கத்தின் முகம். ஒருத்தர் கட்டினால் அடுத்தவர் அதைவிட உயரமாக, அதைவிட நன்றாக. 1733-இல் பிலார் மாதாவின் புதுக் கோயிலுக்கு நற்கருணையை, அதாவது பூசையில் புனிதமாக்கிய அப்பத்தை, எடுத்துப்போன பவனி, குதிரைகள், வேஷங்கள், இரத்தினங்கள் என்று அவ்வளவு ஆடம்பரமாக நடந்து, அதன் வருணனை மறு வருஷமே லிஸ்பனில் புத்தகமாக அச்சாகியிருக்கிறது. புறப்பட்ட இடம் எது தெரியுமா? கருப்பின மக்களின் செபமாலை மாதா கோயில். நற்கருணை அதுவரை அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. செலவு செய்தது ஒரு தரப்பு, இடம் கொடுத்தது இன்னொரு தரப்பு. பிலார் கோயிலின் உட்புறம் இன்றும் கண்ணைக் கூசும். 400 கிலோவுக்கும் மேல் தங்கம் பூசியிருக்கிறது என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, பூசப் பயன்படுத்தும் தங்கத் தகடு என்பது காகிதத்தைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது, அதை வைத்து நூற்றுக்கணக்கான கிலோ கூட்ட வேண்டுமென்றால் ரொம்பப் பெரிய சுவர் வேண்டும். ஆனால் எடை எதுவானால் என்ன, பார்க்கிறவனை மலைக்க வைப்பது நோக்கம், அது நிறைவேறியிருக்கிறது.

நேரம் குறைவு, ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் பிலாரை விட்டுவிட்டு அசிசி புனித பிரான்சிஸ் கோயிலுக்குப் போங்கள் என்பேன். 1766-இல் தொடங்கியது. வடிவமைத்தவர் அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா, ஊரறிந்த பெயர் அலெய்ஜாதீன்யோ. அப்பா போர்த்துகல் கட்டடக் கலைஞர், அம்மா அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். நடுவயதில் ஒரு நோய் வந்து கைவிரல்கள் போய், உளியையும் சுத்தியையும் கையில் கட்டிக்கொண்டு செதுக்கினார் என்று 1858-இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதில் எவ்வளவு மிகை என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் வேலை கண்முன்னால் இருக்கிறது. கோபுரங்கள் சதுரமாக இல்லாமல் உருண்டையாக, முகப்பைவிடக் கொஞ்சம் பின்தள்ளி நிற்கும். வாசலுக்கு மேலே வட்டத்துக்குள் பிரான்சிஸ் இயேசுவின் ஐந்து காயங்களைத் தன் உடலில் பெறும் காட்சி. அந்தக் கல் மாக்கல், சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், கத்தியாலேயே சீவலாம். பளிங்கில் மல்லுக்கட்ட வேண்டிய மடிப்பும் சுருளும் இதில் இழைத்தாற்போல் வருகிறது. கோயிலுக்கு எதிரே இதே கல்லில் சட்டிபானையும் சதுரங்கக் காயும் விற்கும் சந்தை உண்டு. சட்டி வாங்கினால் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், மாக்கல் சட்டியில் குழம்பு வைத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

உள்ளே போய் நடுவில் நின்று தலையை அண்ணாந்தால் மானுவேல் தா கோஸ்தா அத்தாயிதேயின் கூரை ஓவியம். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வரைந்தது. மரப்பலகைக் கூரைதான், ஆனால் பக்கச் சுவரின் தூண்கள் அப்படியே மேலே தொடர்ந்து போய் வானம் திறந்துகொள்வது போல வரைந்திருக்கிறார். நடுவிலிருந்து இரண்டடி நகர்ந்தால் தூண்கள் சாய ஆரம்பிக்கும், ஆக எங்கே நிற்க வேண்டும் என்று ஓவியமே உங்களைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிடும். மேகத்தின் நடுவில் மாதா, சுற்றிலும் வாத்தியம் வாசிக்கும் சம்மனசுகள். மாதாவின் முகம் ஐரோப்பிய முகம் இல்லை, மாநிறம், கலப்பின முகம். தன் துணைவியைப் பார்த்தே வரைந்தார் என்பது ஊர்ப்பேச்சு. இந்தக் கோயிலைக் கட்டிய சங்கமோ வெள்ளையர்களின் சங்கம், அலெய்ஜாதீன்யோ போன்ற கலப்பினத்தவர் அதில் சேர முடியாது. அவர் உறுப்பினராக இருந்தது கலப்பினத்தவரின் சூசையப்பர் சங்கத்தில், அடக்கம் ஆனது அந்தோனியோ தியாஸ் பங்குக் கோயிலில். ஊரின் மிகச் சிறந்த கட்டடத்தைக் கட்டியவருக்கு அதன் தரைப்பலகையில் ஒரு எண் கிடைத்திருக்காது.

சுரங்கத்தில் இறங்கியவர்கள் யார் என்பதை இந்த ஊர் நெடுங்காலம் பேசாமல்தான் இருந்தது. முதல் சில வருஷங்களில் ஓடை மணலை மரத்தட்டில் அரித்தே பொன் எடுத்தார்கள். அது தீர்ந்ததும் ஆற்றங்கரை மேடுகள், அப்புறம் மலைச்சரிவு. சரிவில் வேலை என்றால் மேலே குளம் வெட்டித் தண்ணீரைத் தேக்கி, கால்வாய் வழியே இறக்கி, மண்ணைக் கரைத்துக் கீழே தொட்டிகளில் படிய வைக்க வேண்டும். இல்லையென்றால் பாறையைக் குடைந்து உள்ளே போக வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆட்கள் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பொற்கரைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்குச் சந்தையில் கிராக்கி இருந்ததற்கு இதுவே காரணம். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தங்கம் எடுத்தவர்கள் அவர்கள், வாங்கியவர்களுக்கோ தொழிலே தெரியாது. உடம்பை மட்டும் வாங்கவில்லை, தொழில் அறிவையும் சேர்த்தே வாங்கினார்கள். கோயில் முகப்பைச் செதுக்கியவரின் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, மலைக்குள் ஓடுகிற நீர்வழிகளை அமைத்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட மிஞ்சவில்லை.

மிஞ்சியது ஒரு கதை. ஷிகோ ரெய் என்று ஒரு கொங்கோ அரசர், குடும்பத்தோடு பிடிபட்டு இங்கே அடிமையாக வந்து, ஞாயிறும் திருநாளும் வேலை செய்து சேர்த்த பொன்னில் தன்னை மீட்டுக்கொண்டு, பிறகு ஒரு சுரங்கத்தையே வாங்கித் தன் மக்களை ஒவ்வொருவராக விடுவித்தார் என்பார்கள். ஆவணம் என்று கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. உச்சியில் இருக்கிற சாந்தா எஃபிஜேனியா கோயிலை அவரோடு சேர்த்துச் சொல்வார்கள். பெண்கள் தலைமுடிக்குள் பொன்துகளை ஒளித்துக் கொண்டுவந்து அங்கே தீர்த்தத் தொட்டியில் கழுவி விட்டார்கள், அதில்தான் கோயில் எழுந்தது என்றும் சொல்வார்கள். கதைக்கு ஆதாரம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அடிமைகள் தங்கத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கியது கதையில்லை, அது இந்தப் பகுதியில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது.

எடுத்த தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சொல்வது சுலபம், வசூலிப்பது எப்படி? பொடியாகப் புழங்கினால் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. ஆகவே பொன்பொடியையெல்லாம் அரசு உருக்கு மனையில் கொண்டுவந்து கொடுத்து, வரி கழித்து, முத்திரை குத்திய கட்டியாகத்தான் வாங்கிப் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். இதை அறிவித்தபோது 1720-இல் ஒரு கலகம். ஆளுநர் அசுமார் பிரபு கலகக்காரர்கள் இருந்த குன்றையே கொளுத்தினார், தலைவர்களில் ஒருவரான பிலிப்பே தோஸ் சாந்தோஸ் கொல்லப்பட்டார். எரிந்த அந்தக் குன்றில் கல்சுவர்களின் மிச்சம் இன்றும் இருக்கிறது, போகிறவர்கள் குறைவு. அப்புறம் ஒவ்வொரு அடிமைக்கும் இவ்வளவு என்று தலைவரி. 1750-இல் அதையும் மாற்றி, மினாஸ் முழுவதும் சேர்ந்து வருஷத்துக்கு 100 அரோபா, அதாவது ஏறக்குறைய 1,500 கிலோ கட்டியாக வேண்டும், குறைந்தால் மீதியை மக்களிடமே பிடுங்குவோம் என்றார்கள். வந்த தங்கத்தில்தான் லிஸ்பன் பக்கத்தில் மாஃப்ரா மாளிகை எழுந்தது, போர்த்துகல் இறக்குமதி செய்த சரக்குக்கு விலையாகப் பெரும் பங்கு இங்கிலாந்துக்கும் போனது. 1763-இல் பிரேசிலின் தலைநகரை சால்வதோரிலிருந்து ரியோவுக்கு மாற்றியதும் இந்தத் தங்கம் கப்பலேறிய துறைமுகம் அது என்பதால்தான்.

ஆனால் சரக்கு தீர்ந்துகொண்டே வந்தது, 100 அரோபா மட்டும் குறையவில்லை. 1780-களில் பாக்கி மலையாகக் குவிய, மொத்தமாக வசூலிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அந்தச் சமயத்தில் கவிஞர்கள், பாதிரிமார், இராணுவ அதிகாரிகள், அரசுக்குப் பெருங்கடன் வைத்திருந்த பணக்காரர்கள் எல்லாம் கூடிப் போட்ட சதித் திட்டம்தான் 1789-இன் மினாஸ் கலகம். வெடிப்பதற்கு முன்பே, கடன்காரர்களில் ஒருவரே தன் கடன் தள்ளுபடியாகும் என்று காட்டிக்கொடுத்தார். கவிஞர் கிளாவுதியோ மானுவேல் தா கோஸ்தா, இன்றும் நின்றுகொண்டிருக்கிற கணக்கு மாளிகையில் காவலில் இருந்தபோது பிணமாகக் கிடந்தார். பெரிய மனிதர்கள் பலர் ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். தூக்கில் தொங்கியது ஒரே ஆள், ஜோவாகிம் ஜோசே தா சில்வா ஷவியேர், குதிரைப்படையில் கீழ்மட்ட அதிகாரி, பல் பிடுங்கும் வேலையும் செய்தவர், அதனால்தான் 'பல் பிடுங்குபவர்' என்ற பொருளில் திராதெந்தெஸ் என்ற பெயர். 1792 ஏப்ரல் 21, ரியோவில். உடலைக் கூறுபோட்டு, தலையை இங்கே சதுக்கத்தில் கம்பத்தில் நட்டார்கள். பின்னாளில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்ததும் அதற்கு ஒரு தியாகி தேவைப்பட்டார், அதே சதுக்கத்தில் 1894-இல் அவருக்குச் சிலை.

சிலை வைத்து மூன்றே வருஷம், ஊர் கைவிடப்பட்டது. 1897 டிசம்பரில் மாநிலத் தலைநகர் 100 கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கோடு போட்டுக் கட்டிய நகரத்துக்குப் போனது, அதுதான் இன்றைய பெலோ ஹொரிசோன்ட்டே. மலையும் பள்ளமுமாக இருக்கிற ஊரில் அகலச் சாலையும் சாக்கடையும் போட முடியாது என்பது சொன்ன காரணம். பழைய காலத்தின் வாடையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பது சொல்லாத காரணம். அதிகாரிகள் போனார்கள், பின்னாலேயே வணிகர்கள், வக்கீல்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. இடித்துக் கட்ட ஆளில்லை, காசில்லை. ரியோவும் சாவோ பாவுலோவும் தங்கள் பழைய தெருக்களை உடைத்துப் பாரிஸ் போல ஆக்க ஆசைப்பட்ட அதே வருஷங்களில் இங்கே ஓடு மாற்றக்கூட வழியில்லை. இன்று நாம் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிற அழகு அந்த வறுமை கொடுத்தது.

ஊர் முழுசாகச் சாகாமல் காத்தது ஒரு கல்லூரி. பிரெஞ்சுக்காரர் கிளோத் ஆன்ரி கோர்செக்ஸ் 1876-இல் தொடங்கிய சுரங்கவியல் கல்லூரி, ஆளுநரின் பழைய மாளிகைக்கே பிற்பாடு குடிவந்தது. பெரும் புள்ளிகள் விட்டுப்போன மாளிகைகளில் மாணவர்கள் கூட்டாகக் குடியேறினார்கள். 'ரெப்பூப்ளிகா' என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு பலகை, தனிச் சட்டதிட்டம், புதிதாக வருகிறவனைப் பாடாய்ப் படுத்தும் வழக்கம் எல்லாம் உண்டு. 1969-இல் பல்கலைக்கழகம் வந்தபின் கூட்டம் இன்னும் பெருகியது. கார்னிவல் சமயத்தில் இவர்கள் போடுகிற சத்தத்தில் அக்கம்பக்கத்தார் தூங்க முடியாது. ஆனாலும் எத்தனையோ வீட்டுக் கூரை சரியாமல் இருந்ததற்கு உள்ளே ஆள் குடியிருந்ததுதான் காரணம்.

அப்புறம்தான் 'பாதுகாப்பு' வருகிறது. 1924-இல் சாவோ பாவுலோவின் நவீனக் கலைஞர்கள் சிலர், மாரியோ தெ அந்த்ராதே, தார்சிலா தோ அமரால் போன்றவர்கள், ஈஸ்டரை ஒட்டி இந்தப் பக்கம் சுற்றி வந்தார்கள். ஐரோப்பாவைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு 'நம்முடையது' என்று காட்ட ஏதோ கிடைத்த மாதிரி ஆயிற்று. அடுத்த பத்தாண்டில் அந்த வட்டத்தார் சிலர் பிரேசில் அதிபர் வர்காஸின் அரசாங்கத்தில் அதிகாரத்தில் இருந்தார்கள். 1933-இல் ஊர் முழுவதும் தேசிய நினைவுச்சின்னம், 1937-இல் மரபுரிமைத் துறை, 1938-இல் சட்டப் பாதுகாப்பு. நாடு கடத்தப்பட்டு ஆப்பிரிக்காவில் செத்த கலகக்காரர்களின் எலும்புகளைக் கப்பலில் கொண்டுவந்து பழைய சிறைச்சாலையிலேயே வைத்தார்கள், 1944-இல் அது அருங்காட்சியகம் ஆனது. எங்கே அடைத்து வைக்கும் அதிகாரம் இருந்ததோ அங்கேயே கௌரவம். 1980-இல் யுனெஸ்கோ பட்டியல், பிரேசிலிலிருந்து முதல் இடம்.

இதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கிற தெரு முழுக்கவும் 18-ஆம் நூற்றாண்டுத் தெரு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பலர் தங்கள் வீட்டு முகப்பை அந்தக் கால மோஸ்தருக்கு மாற்றியிருந்தார்கள், ஓட்டை மறைக்கும் கைப்பிடிச்சுவர், சுதை அலங்காரம் என்று. மரபுரிமைத் துறைக்கு அது 'கலப்படம்'. பல கட்டடங்களில் அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பழைய பாணிக்குத் திருப்பினார்கள், புதிதாகக் கட்டுகிறவனும் ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவர், மரச் சன்னல் என்று அதே போலத்தான் கட்ட வேண்டும் என்றார்கள். அதனால் முந்தாநாள் கட்டிய வீடும் முன்னூறு வருஷத்து வீடு மாதிரி நிற்கிறது. தப்பா சரியா என்று கேட்டால், விதி இல்லாமல் விட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டைக் காப்பாற்ற இன்னொரு நூற்றாண்டைச் சுரண்டி எடுத்ததும் உண்மை.

இதே துறைக்காரர்கள்தான், பழைய ஊரின் நடுவே ஒரு ஓட்டல் கட்ட வேண்டி வந்தபோது, பழையது போலவே பாவனை செய்யும் திட்டத்தை ஒதுக்கிவிட்டு, முப்பது வயதை ஒட்டியிருந்த ஆஸ்கர் நிமையரின் நவீன வடிவத்தைத் தேர்ந்தார்கள். கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்தா அதற்காக வாதாடினார்: போலிப் பழசு நிஜப் பழசைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. சமரசமாக ஓட்டுக் கூரை மட்டும் போட்டார்கள். 'கிராண்ட் ஓட்டல்' 1940-களிலிருந்து அங்கே நிற்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு நீளமான முகப்பு அந்தச் சரிவில் உறுத்துகிறது, ஆனால் அந்த நியாயம் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் அதே நியாயத்தைக் கொடுக்கவில்லை என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பு என்பது அஞ்சலட்டையில் வரும் பகுதிக்கு மட்டும்தான். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பக்கத்துச் சரமென்யாவில் அலுமினிய ஆலை பெருகியதும் வேலை தேடி ஆட்கள் வந்தார்கள். நடுவூரில் கட்ட இடமுமில்லை, விதியும் விடாது. அவர்கள் ஏறியது சுற்றியுள்ள குன்றுகளுக்கு, அதாவது இருநூறு வருஷம் முன்பு தண்ணீர் விட்டுக் கரைத்து, குடைந்து, கழிவு மண்ணைக் கொட்டிய அதே சரிவுகளுக்கு. மழைக்காலத்தில் அந்த மண் நகரும். 1979-இல் பெரும் சேதம். 2022 ஜனவரி 13 அன்று தூக்குமேட்டுக் குன்று என்று அழைக்கப்படும் இடத்தில் சரிவு ஒன்று பெயர்ந்து வந்து 19-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றை நொடியில் தூளாக்கியது. முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. குன்றின் மேல் பேர் தெரியாத ஒரு குடும்பத்தின் வீடு சரிந்தால் அப்படிச் சுற்றாது.

சுரங்கமும் முடிந்துபோன விஷயம் இல்லை. தங்கத்தின் இடத்தில் இரும்புத்தாது. 2015 நவம்பர் 5 அன்று பக்கத்து மரியானா எல்லைக்குள், சுரங்க நிறுவனங்களான வாலேயும் பி.எச்.பி.யும் சேர்ந்து நடத்திய சமார்க்கோ நிறுவனத்தின் ஃபுந்தாவோ அணை உடைந்து 4 கோடி கன மீட்டருக்கும் மேலான சுரங்கச் சேறு பாய்ந்தது. பெந்தோ ரோத்ரிகெஸ் கிராமம் போனது, அதன் 18-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயமும் போனது, 19 பேர் செத்தார்கள், சேறு தோசே ஆற்றோடு போய் அட்லாண்டிக்கில் கலந்தது. ஓரோ பிரேட்டோவிலிருந்து மரியானா 12 கிலோமீட்டர்தான்.

போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள். பெலோ ஹொரிசோன்ட்டேயிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழை, கல் பாவிய தெரு வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்போ பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை போகாதீர்கள், கோயில்களும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். கோயிலுக்குள் படம் எடுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, பயறும் மரவள்ளி மாவும் பன்றி வறுவலும் கலந்த கழுதைப்பாதைக்காரர்களின் சாப்பாடு எங்கும் கிடைக்கும். ஈஸ்டருக்கு முந்தின இரவு தங்க முடிந்தால், ஊரே தெருவில் இறங்கிச் சாயமேற்றிய மரத்தூளில் கோலம் போடுவதைப் பார்க்கலாம், விடிந்ததும் அதன் மேல்தான் பவனி போகும்.

சுரங்கம் பார்க்க மரியானா போகும் வழியில் பாஸாஜெம் சுரங்கத்துக்குத்தான் எல்லாரும் போகிறார்கள், தள்ளுவண்டியில் உட்கார வைத்து 120 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள், அடியில் தெளிந்த நீர் ஏரி. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பின்னாளில் நிறுவனங்கள் இயந்திரம் வைத்து நடத்திய சுரங்கம். 18-ஆம் நூற்றாண்டு வேலையைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குள்ளேயே வீட்டுக் கொல்லைகளில் திறந்திருக்கும் சின்னச் சுரங்கங்களுக்குப் போக வேண்டும். தலைக்கவசம் கொடுப்பார்கள், அது தேவைப்படும், பத்தடிக்கு ஒருமுறை தலை இடிக்கும். சுவரில் உளிக்கொத்து வரிவரியாக அப்படியே இருக்கிறது. சில இடங்களில் குறுக்குவழி ஒரு ஆள் உட்கார்ந்தே நகர வேண்டிய அளவுக்குச் சிறுத்துவிடும், மேலே காற்றுக்கு விட்ட துளை தெரியும். இவற்றில் சிலவற்றை நடத்துகிறவர்கள் குன்றுப் பகுதிக்காரர்கள், ஆப்பிரிக்கத் தொழிலறிவைப் பற்றி நடுவூர் வழிகாட்டிகள் சொல்லாததையெல்லாம் அவர்கள் சொல்கிறார்கள்: எந்தப் பாறை நிறத்தைப் பார்த்து எந்தப் பக்கம் குடைந்தார்கள், நீர் வடிய எவ்வளவு சாய்வு விட்டார்கள் என்று. கட்டணமும் அந்தக் குன்றுகளிலேயே தங்கும். மதியத்துக்கு முன் போய்விடுங்கள், பல இடங்களில் ஒரு நேரத்தில் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள்.